சித்தன்னவாசல் தாமரைக் குளமும் வீட்டு மீன்–கீரைத் தொட்டியும்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் குன்று இருக்கிறது. அதன் சரிவில் பாறையைக் குடைந்து அமைத்த சமணக் கோயிலை அறிவர் கோயில் என்பர். அதன் அர்த்த மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்த்தால் ஒரு தாமரைக் குளம் தெரியும். செந்தாமரையும் வெண்டாமரையும் மலர்ந்திருக்கின்றன. இலைகளுக்கும் தண்டுகளுக்கும் இடையே மீன்கள் நீந்துகின்றன. நீர்ப்பறவைகள், யானை, எருது ஆகியவையும் உண்டு. குளத்தில் இறங்கி மலர் கொய்யும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

செடியும் மீனும் ஒரே நீரில் வாழும் இக்காட்சியை இன்று சிலர் வீட்டு மாடியிலும் கொல்லைப்புறத்திலும் தொட்டி வைத்து உருவாக்குகிறார்கள். கீழே மீன் தொட்டி. மேலே ஜல்லிப் படுகையில் கீரை. இரண்டுக்கும் இடையே ஓயாமல் சுற்றி வரும் நீர். மீன் வளர்ப்பையும் மண்ணில்லாப் பயிர் வளர்ப்பையும் இணைக்கும் இம்முறைக்கு அக்குவாபோனிக்ஸ் என்று பெயர். தமிழில் மீன்–பயிர் இணைவளர்ப்பு என்று சொல்லலாம்.

‘இது மேலை நாட்டார் கண்டுபிடித்ததா? நம் முன்னோர் சித்தன்னவாசலிலேயே வரைந்து வைத்துவிட்டார்களே!’ என்று யாரேனும் கேட்கக்கூடும். இக்கேள்வியைப் புறந்தள்ளவும் வேண்டாம். உடனே தலையாட்டவும் வேண்டாம். சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்ப்பதே அறிவியல் மாணவனின் வேலை. அதைச் செய்து பார்ப்போம்.

ஓவியம் சொல்லும் சான்று

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதிய எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916இல் இவ்வோவியங்களைப் பற்றிக் குறிப்பிட்டார். 1920 வாக்கில் து. அ. கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயும் அவற்றை உலகறியச் செய்தனர். முதலில் இவை ஏழாம் நூற்றாண்டின் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்றே கருதப்பட்டன. பின்னர் அங்குள்ள கல்வெட்டு வேறு கதையைச் சொன்னது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்பது அதன் செய்தி. எனவே இன்று நாம் காணும் ஓவியங்களைப் பாண்டியர் காலத்தோடு சேர்த்து எண்ணுகிறோம். ஒரு புதிய சான்று வந்ததும் பழைய முடிவு மாறியதைக் கவனியுங்கள்.

சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இவ்வோவியங்களின் சுண்ணப்பூச்சையும் வண்ணங்களையும் ஆராய்ந்தார். கனிமங்களிலிருந்து எடுத்த வண்ணங்களே பெரும்பாலும் பயன்பட்டன என்று தெரிந்தது.

சரி, குளம் எதைக் குறிக்கிறது? தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்னும் அவையைச் சுற்றியுள்ள தாமரைப் பொய்கை அது என்றும், அதில் பக்தர்கள் மலர் பறிக்கிறார்கள் என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள். அதாவது, ஓவியன் வரைந்தது ஒரு சமய நம்பிக்கையை. வேளாண்மைப் பாடத்தை அல்ல. ஆனால் மீன் எங்கே ஒதுங்கும், இலை நீர்மேல் எப்படிக் கிடக்கும் என்பதை உற்றுப் பார்த்தவன்தான் இதை வரைந்திருக்க முடியும். ஆகவே ஓவியம் குளத்துக்குச் சான்று. தொட்டிக்குச் சான்று அன்று.

கண்மாய் சொல்லும் சான்று

ஓவியத்தைவிட வலுவான சான்று குன்றின் கீழே, ஊர்தோறும் கிடக்கிறது. வற்றாத ஆறு இல்லாத புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பியே வாழ்ந்தது. கண்மாய் நிரம்பினால் மீன் வளரும். நீர் வயலுக்குப் பாயும். வற்றினால் அடியில் படிந்த வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். ஒரே நீர்நிலை மீனுக்கும் நெல்லுக்கும் உணவளித்தது.

இப்பகுதிக் கண்மாய்களின் உள்ளே இரட்டைக் கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை குமிழித் தூம்பின் பகுதிகள். கீழே கல்தொட்டி போன்ற அமைப்பும், துளையை அடைக்கும் கல்லும் இருக்கும். கல்லைத் தூக்கினால் நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே கரையைக் கடந்து வயலுக்குச் செல்லும். மேல்துளை நீருக்கு, கீழ்த்துளை சேற்றுக்கு. முன்னது நீரோடி, பின்னது சேறோடி என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். தெளிந்த நீரோடு வண்டலும் வயலை அடைந்தது. தமிழகக் கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் என்ற சொல் ஏரியின் மீன்பிடிக் குத்தகையைக் குறிக்கிறது. அந்த வருவாயை ஏரியைப் பேணும் பணிக்கே ஒதுக்கிய ஊர்களும் உண்டு.

இத்தகைய அறிவு நமக்கு மட்டும் உரியதன்று. சீனாவின் செஜியாங் மாநிலத்தில் சிங்தியென் வட்டாரத்து உழவர்கள் நெல் வயலிலேயே மீன் வளர்த்து வருகிறார்கள், 2005இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் அதை உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் ஏரிச் சேற்றைக் குவித்துச் சினாம்பா என்னும் மேட்டுப் பாத்திகளை அமைத்தனர். வாய்க்கால் சேறே அவற்றுக்கு உரம். மூன்று நாட்டாரும் கண்ட உண்மை ஒன்றே: மீன் வாழ்ந்த நீரும் சேறும் பயிரைச் செழிக்கச் செய்யும்.

ஏன் செழிக்கச் செய்யும்? இந்த ‘ஏன்’ என்பதற்கு விடை கிடைக்க 1877 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இருபது நாள் காத்திருந்த சோதனை

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அம்மோனியா மீனுக்கே நஞ்சு. பயிர்களில் பெரும்பாலானவை நைட்ரேட் வடிவிலேயே நைட்ரஜனை விரும்பி எடுக்கின்றன. அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது வெறும் வேதிவினை என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் நினைத்தனர்.

பிரெஞ்சு அறிஞர்கள் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் மணலும் சுண்ணாம்புக் கல் தூளும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடிய விட்டனர். வெளியே வந்த நீரில் நாள்தோறும் நைட்ரேட் உண்டா என்று பார்த்தனர். முதல் நாள் இல்லை. பத்தாம் நாளும் இல்லை. ஏறத்தாழ இருபது நாள் கழிந்த பிறகே நைட்ரேட் தோன்றியது. பின்பு அது தொடர்ந்து வந்தது.

வெறும் வேதிவினையாக இருந்தால் இருபது நாள் தாமதம் எதற்கு? அவர்கள் குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினர். நைட்ரேட் நின்றுவிட்டது! குளோரோபார்மை நீக்கிவிட்டுச் சிறிது மண் கரைத்த நீரை ஊற்றினர். சில காலம் கழித்து நைட்ரேட் மீண்டும் வந்தது. மயக்க மருந்துக்கு அடங்குவது உயிருள்ள பொருளாகத்தான் இருக்க வேண்டும். மணல் துகள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறி இருந்தன. அந்தக் குடியேற்றத்துக்குத்தான் இருபது நாள் பிடித்தது. 1890 வாக்கில் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும்.

இந்த இருபது நாளை நினைவில் வையுங்கள். வீட்டில் தொட்டி வைப்போரின் வெற்றியும் தோல்வியும் அதில்தான் அடங்கியிருக்கின்றன.

இரு ஓடைகள் கலந்தன

மண்ணில்லாமல் செடி வளர்க்கும் முயற்சி வேறொரு வழியில் வளர்ந்தது. 1699இல் ஆங்கிலேயர் வுட்வர்ட் புதினா வகைச் செடியைப் பலவித நீரில் வளர்த்தார். தூய நீரைவிட மண் கலந்த நீரில் அது நன்கு வளர்ந்தது. 1860களில் ஜெர்மானியர்களான ஸாக்ஸும் நாப்பும் உப்புக் கரைசலிலேயே செடியை வளர்த்துக் காட்டினர். 1937இல் கலிபோர்னியாவின் கெரிக் இம்முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர் சூட்டினார். 1940களின் பிற்பகுதியில் ஷோல்ட்டோ டக்ளஸ் இமயத்தின் காளிம்போங்கில் எளிய வங்காள முறையை உருவாக்கினார்.

மீன் வளர்ப்பும் முன்னேறியது. ரோகு, கட்லா போன்ற கெண்டைகள் குளத்தில் அடைத்தால் முட்டையிடமாட்டா. 1957 ஜூலை 10 அன்று கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி பிட்யூட்டரிச் சுரப்புச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டையை இனப்பெருக்கம் செய்யவைத்தார். இன்று மீன்குஞ்சுகள் எளிதில் கிடைப்பதற்கு அந்நாளே தொடக்கம்.

1969இல் அமெரிக்காவில் ஜான் டாட், நான்சி டாட், வில்லியம் மக்லார்னி ஆகியோர் தொடங்கிய நியூ ஆல்கெமி நிலையத்தில் மீன் தொட்டி நீரால் காய்கறி வளர்க்கும் சோதனைகள் நடந்தன. 1980களில் வட கரோலினாவில் மக்மர்ட்ரி, மீன் தொட்டி நீரை மணற் படுகையில் விட்டு, வடிந்த நீரை மீண்டும் தொட்டிக்கே அனுப்பினார். அதே காலத்தில் கரீபியக் கடலின் வர்ஜின் தீவுகளில் ஜேம்ஸ் ரகோசி பெரிய அளவில் இம்முறையை வகுத்தார். நன்னீர் அரிதான தீவு அது. பற்றாக்குறையே அங்கும் ஆசானாயிற்று.

இப்போது முதற் கேள்விக்கு விடை சொல்லலாம். மீனையும் பயிரையும் இணைக்கும் பட்டறிவு நம் கண்மாயில் இருந்தது. ஆனால் கண்மாய் பெரிது; நீர் நிறைய; மீன் குறைவு; சேறெல்லாம் பாக்டீரியா. தவறு நேர்ந்தாலும் அது தாங்கும். முன்னூறு லிட்டர்த் தொட்டி தாங்காது. குறுகிய இடத்தில் இதைச் செய்ய அளவும் கணக்கும் வேண்டும். அவற்றைத் தந்தது நவீன அறிவியல்.

ஒரு சிறிய கணக்கு

தொட்டியில் 300 லிட்டர் நீர்; மீன்களின் மொத்த எடை 3 கிலோ என்று கொள்வோம். உடல் எடையில் 100க்கு 1 பங்கு தீவனம் என்றால் நாளொன்றுக்கு 30 கிராம். தீவனத்தில் 32 விழுக்காடு புரதம் இருந்தால் அது 9.6 கிராம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். அதாவது ஏறத்தாழ 1.5 கிராம். இதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மீனின் உடலாகும். மீதி 1 கிராம் நீரில் சேரும். 300 லிட்டரில் 1 கிராம் என்றால், ஒவ்வொரு நாளும் லிட்டருக்கு 3.3 மில்லிகிராம்! பாக்டீரியா இல்லாத புதுத் தொட்டியில் சில நாளிலேயே மீன் மடிவது ஏன் என்று இப்போது விளங்கும்.

காரத் தன்மையும் இதில் சேர்ந்து கொள்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் நீரின் பி.எச். 7 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் 100க்கு 1 பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 7 பங்குக்கு மேல் உயர்ந்துவிடும்.

அடுத்தது ஆக்சிஜன். 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்கப் பாக்டீரியாவுக்கு 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வாயுக்கள் சூடான நீரில் குறைவாகக் கரையும் என்பதை இயற்பியலில் படித்திருப்பீர்கள். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். 300 லிட்டர் நீர் முழுதும் செறிவுற்றாலும் அதில் இருப்பது 2.25 கிராமே. பாக்டீரியாவின் ஒருநாள் தேவையே இதைப் போல் இரு மடங்கு. மீனின் மூச்சு வேறு. ஆகவே காற்று இடைவிடாது நீரில் கரைந்துகொண்டே இருக்க வேண்டும். நீரைச் சுழற்றுவதும் மேலிருந்து விழச் செய்வதும் அழகுக்காக அல்ல, உயிருக்காக.

மணிக்கு 300 லிட்டர் நீரை 1 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் திறன் ஒரு வாட்டுக்கும் குறைவே. ஆனால் சிறு மோட்டார்களின் பயன்திறன் மிகக் குறைவு. 10 வாட் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் ஓடினால் மாதத்துக்கு 7 யூனிட் மின்சாரம் ஆகும்.

வாசுதேவர் கிண்ணம்

படுகையில் நீர் எப்போதும் தேங்கி நின்றால் வேர் மூச்சுத் திணறும். வறண்டால் பாக்டீரியா சாகும். நிரம்பி நிரம்பி வடிய வேண்டும். இதற்கு மின்சாரமோ கடிகாரமோ வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் வாசுதேவர் கிண்ணம் பார்த்திருப்பீர்கள். நீர் ஒரு மட்டம் வரை ஏறும். உடனே முழுதும் வடிந்துவிடும். உள்ளே ஒளிந்திருக்கும் வடிகுழாயே (சைபன்) காரணம்.

அதையே படுகையில் வைக்கலாம். அடியிலிருந்து ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் மேல், தலை மூடிய பெரிய குழாய் ஒன்றைக் கவிழ்த்து, அதன் அடி விளிம்பில் சில வெட்டுகள் விடுங்கள். ஜல்லி உள்ளே புகாதபடி வெளியே துளையிட்ட உறை ஒன்று வேண்டும். நீர் உட்குழாயின் வாய்வரை ஏறி வழியத் தொடங்கும்போது உள்ளிருக்கும் காற்றை அடித்துச் செல்லும், வடிகுழாய் இயங்கும். நீர் வெட்டுகள் வரை இறங்கியதும் காற்று உட்புகுந்து ஓட்டத்தை அறுக்கும். நீர் மிக மெதுவாக வந்தால் வெறுமனே வழிந்து கொண்டிருக்கும். மிக வேகமாக வந்தால் ஓட்டம் அறுபடாது. வால்வைத் திருகிச் சரிசெய்வதுதான் கைப்பழக்கம்.

தொடங்கும் முறை

30 கிராம் தீவனத்துக்கு முக்கால் சதுர மீட்டர் கீரைப் படுகை போதும். ஆழம் 30 சென்டிமீட்டர். முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லியைக் கழுவி நிரப்புங்கள். கல்லில் வினிகர் விட்டு நுரை வந்தால் அது சுண்ணாம்புக் கல், தவிர்த்துவிடுங்கள். நீரும் ஜல்லியும் சேர்ந்து எடை 700 கிலோவை எட்டும். மாடியில் வைப்பதற்கு முன் கட்டடம் அறிந்தவரைக் கேட்பது கட்டாயம். தரையில், நிழல் வலையின் கீழ் வைப்பதே நல்லது. குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வையுங்கள்.

முதலில் மீன் வேண்டாம். நாள்தோறும் ஒரு சிட்டிகை தீவனத்தை நீரில் அழுக விடுங்கள். நோயற்ற பழைய மீன் தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல் கிடைத்தால் படுகையில் போடுங்கள். ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் ஊற்றிய மண்நீரின் வேலையை அது செய்யும். வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைத் தாளால் நீரைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். பின்பு அதுவும் இறங்கி நைட்ரேட் தோன்றும். மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறத்தாழ இல்லாமற் போன பிறகே மீனை விடுங்கள். அதுவும் சிலவற்றை மட்டும்.

தொடக்கத்துக்குத் தங்கமீனோ கெண்டையோ போதும். ஜிலேபிக் கெண்டை என்று நாம் அழைக்கும் திலேப்பியா உறுதியானதுதான். ஆனால் 1952இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் திலேப்பியா நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்கியது. ஆகவே தொட்டி மீனை ஒருபோதும் கண்மாயில் விடாதீர்கள். பயிரில் பொன்னாங்கண்ணி, வள்ளைக்கீரை, புதினா, தண்டுக்கீரை ஆகியவற்றில் தொடங்குங்கள். தக்காளியும் கத்தரியும் பிறகு வரட்டும்.

கால் மணி நேரத்தில் தின்னாத தீவனத்தை எடுத்துவிடுங்கள். இளந்தளிர் வெளிறினால் இரும்புச் சத்து குறைவு; மீன் தீவனத்தில் அது போதுமான அளவு இல்லை. பாக்டீரியாவின் வேலையால் நீர் மெல்லப் புளிக்கும். கிளிஞ்சல் பை ஒன்றைத் தொங்கவிடலாம். பூச்சி மருந்தைக் கனவிலும் தெளிக்க வேண்டாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு என்று பொருள். மின்சாரம் நின்றால் மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாய் உதவும். இல்லையேல் செம்பால் முகந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

இம்முறையில் நீர் மிச்சம் என்பது உண்மை. மண்ணில் இறங்கி மறையும் நீர் இங்கே தொட்டிக்குத் திரும்புகிறது. ஆனால் இலை வழியே ஆவியாகும் நீரை எந்த முறையும் திருப்பித் தராது. சித்திரை வெயிலில் நாள்தோறும் சில குடம் ஊற்றத்தான் வேண்டும். வீட்டுக்குக் கீரை கிடைக்கும். எப்போதாவது மீன் குழம்பும் கிடைக்கலாம். பணம் கொழிக்கும் என்று சொல்வோரிடம் மின்கட்டணமும் தீவன விலையும் சேர்த்த கணக்கைக் கேளுங்கள்.

கண்மாய்க்கு இது மாற்றும் ஆகாது. வரத்து வாய்க்கால் தூர்ந்து, கண்மாய் மேடாகிவிட்ட ஊரில் வீட்டுக்கு வீடு தொட்டி வைத்தாலும் நிலத்தடி நீர் ஊறாது. ஆனால் தொட்டி வைத்தவருக்குக் கண்மாயைப் பார்க்கும் பார்வை மாறும். சேறு என்பது அழுக்கல்ல, கோடானுகோடி உயிர்களின் தொழிற்கூடம் என்று அவர் தம் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருப்பார். அடுத்த முறை அறிவர் கோயிலுக்குச் செல்லும்போது விதானத்துக் குளத்தைப் பார்த்துவிட்டுக் குன்றிலிருந்து இறங்குங்கள். வழியில் ஏதேனும் ஒரு கண்மாயில் நிற்கும் குமிழித் தூண்களையும் சற்று நின்று பாருங்கள்.